அப்பாஸ் ராவுத்தர் கூவாமல் போன ஞாயிற்றுக்கிழமை

சுருளியம்மாள் அப்பாஸ் ராவுத்தருக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். ஒரு பிரஷர் குக்கர், இரண்டு கம்பளி, மகள் ராமலட்சுமி நர்சிங் படிக்கக் கிளம்பியபோது எடுத்த சக்கரம் வைத்த பெட்டி, எல்லாம் சேர்ந்த பாக்கி அது. மாதத் தவணை என்று பேச்சு. மூன்று மாதமாக ஒரு காசு வரவில்லை.

ராவுத்தருக்கு அந்தத் தொகை ஒரு தொகையே இல்லை. உடும்பஞ்சோலை முக்கில் மூன்று ஷட்டர் போட்ட துணிக்கடை அவருடையது. பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதினாறு வயதில் துணிமூட்டையோடு மலை ஏறியவர். அவரை யாரும் கைதூக்கி விடவில்லை. மூட்டையைக்கூட அவரேதான் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். இன்று பேங்க் மேனேஜர் அவரைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். இதையெல்லாம் அவர் வாயால் கேட்காத ஆள் அந்த முக்கில் கிடையாது. கூடவே ஒன்று சொல்லி முடிப்பார்: "நாப்பது வருசத்துல வராக்கடன்னு ஒத்த ரூபா எனக்கு இருந்ததில்லீங்க."

அது பொய்யும் இல்லை. செத்துப்போனவனின் கடனைக்கூட மகன் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அவர் கேட்காமலே.

அவருக்கு இருந்த இன்னொரு பெருமை கரடி. சுருளியம்மாள் குடியிருக்கும் ஏலத்தோட்டத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளுக்கு ஜீப் போகாது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரைமணி நேரம் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். ஒரு பக்கம் ஏலக்காடு, மறுபக்கம் தமிழ்நாட்டைப் பார்த்துச் சரிகிற பாறையும் புல்லும். பலா பழுக்கிற காலத்தில் கரடி அந்தச் சரிவில் ஏறி வரும். கரையான் புற்றைக் கண்டால் போதும், விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். தோட்டத்து ஆட்களில் இரண்டு பேருக்கு முகத்தில் தையல் உண்டு. ராவுத்தர் மட்டும் அத்தனை வருடத்தில் கரடியின் மூஞ்சியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காரணம் அவருடைய தொண்டை. ஜீப்பை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிடுவார்:

"நைட்டீ... போர்வேய்... குக்கரேய்... அப்பாசு வந்தாச்சேய்..."

வளைவுக்கு வளைவு இது நடக்கும். வனத்துறைக்காரர்கள் ஒரு தரம் லயன் வீடுகளில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டபோது, இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று மைக்கை வாங்கிய ராவுத்தர் அரைமணி நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"கரடி கெட்டதில்லீங்க. தின்னுட்டிருக்கறப்ப அதுக்கு உலகமே தெரியாது. நாம சத்தங்காட்டாமப் போயி முதுகுல முட்டுனா, பயந்து அறையத்தான் செய்யும். வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டுப் போனா மரியாதையா ஒதுங்கிக்கும். மீறி எதுக்க வந்துட்டா ஓடாதீங்க. மரமேறாதீங்க, அது உங்களைக் காட்டிலும் நல்லா ஏறும். சிறுத்தைக்கு வேற கணக்கு. அதும்முன்னாடி குனியப்படாது, முதுகு காட்டப்படாது, புள்ளைகள நடுவுல விட்டு நடக்கோணும்."

வந்த அதிகாரிக்குப் பேச நேரமில்லாமல் போயிற்று. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

இந்த இரண்டு பெருமையும் ஒன்றை ஒன்று கடிக்கும் என்று ராவுத்தர் நினைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவன் மகன் ஷஹீர். கடையைப் பாதி அவன்தான் பார்க்கிறான்.

"அத்தா, உங்க சத்தத்துக்குக் கரடியும் ஒதுங்குது, கடங்காரங்களும் ஒதுங்கறாங்க."

விஷயம் அப்படித்தான் இருந்தது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவர் வசூலுக்குப் போகும் நாள். மூன்று தடவையும் சுருளியம்மாள் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. வாசல்படியில் பாதி குடித்த டீ கிளாஸ், தொட்டால் சூடு. பக்கத்து வீட்டில் கேட்டால், "இப்பத்தேன் வெறகுக்குப் போனா" என்று பதில். டீயைப் பாதியில் வைத்துவிட்டு யார் விறகுக்குப் போவார்கள்?

"விட்டுத் தள்ளுங்க அத்தா. வராக்கடன்ல எழுதிக்கலாம்" என்றான் ஷஹீர்.

ராவுத்தர் மடித்துக்கொண்டிருந்த வேட்டியை அப்படியே வைத்தார். "அந்தச் சொல்லு இந்தக் கடைக்குள்ள வரப்படாது. தோத்தேன்னு எழுதறதுக்கா நான் மூட்டை தூக்குனேன்?"

"அப்ப சத்தம் போடாமப் போங்க பாக்கலாம்."

ஷஹீர் கிண்டலுக்குத்தான் சொன்னான். ராவுத்தர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை விட்டு இறங்கிய அப்பாஸ் ராவுத்தர் வாயைத் திறக்கவில்லை. போனைச் சத்தமில்லாமல் வைத்தார். சில்லறை குலுங்காமல் இருக்கப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. கதவைத் தட்டினதும் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினார். மைக்கில் பேசியதெல்லாம் அவர் மனதில் எங்கோ கிடந்தது. ஆனால் அதெல்லாம் ஊராருக்குச் சொன்னது.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் தீர்ந்த மோட்டார் வெறும் காற்றை இழுப்பது போல உர்ர், உஸ்ஸ் என்று. எந்தப் பொறுப்பில்லாத பயல் பம்பை அணைக்காமல் போனான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வளைவைத் திரும்பினார்.

பம்பு இல்லை. பாதையோரப் புற்றுக்குள் மூஞ்சியை நுழைத்துக் கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது கரடி. மண் பின்னால் தெறித்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. அவ்வளவு பக்கம்.

சட்டென்று அது திரும்பி, இரண்டு காலில் எழுந்து நின்றது. மார்பில் லாடம் பதித்த மாதிரி வெள்ளைக் கோடு. நகம் ஒவ்வொன்றும் களைக்கொத்து நீளம். ராவுத்தர் வாயைத் திறந்தார். மலையையே அதட்டிய அந்தத் தொண்டையிலிருந்து கிழிந்த பலூன் மாதிரி வெறும் காற்றுதான் வந்தது. கால் ஓடு என்றது. தோட்டத்தில் அப்படி ஓடினவன் கதை அவருக்குத் தெரியும், அவன் முகத்துத் தையலும் தெரியும். அதனால் நின்றார். நின்றாரே தவிர, அடுத்து என்ன செய்வது என்று எதுவும் வரவில்லை.

அப்போது மேலே மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நைட்டீ... போர்வேய்... குக்கரேய்... அப்பாசு வந்தாச்சேய்..."

அவருடைய கூவல், அவருடைய இழுப்பு. 'குக்கரேய்'க்கு அவர் குரல் ஏறுகிற இடத்தில் அதுவும் ஏறியது. கூடவே தூக்குவாளியை மூடியால் அடிக்கிற சத்தம். மஞ்சு லேசாக விலகிய இடத்தில், மேல் வளைவில் சுருளியம்மாள் நின்றாள்.

"ராவுத்தரே, ஓடிராதீக. அதப் பாத்த மேனிக்கே பையப் பின்னால வாங்க."

அவர் ஒரு காலைப் பின்னால் வைத்தார். பிறகு மறு காலை. சுருளியம்மாள் நிறுத்தாமல் நைட்டியையும் போர்வையையும் விற்றுக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருடமாகக் கேட்ட சத்தம்தான் என்று கரடிக்கும் தோன்றியிருக்க வேண்டும். பொத்தென்று நாலு காலில் இறங்கி, ஒரு செருமல் செருமிவிட்டு, சரிவில் புல்லைப் பிளந்துகொண்டு போயிற்று.

சுருளியம்மாள் இறங்கி வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் ராவுத்தரே, தொண்ட கட்டிக்கிருச்சா?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "உன்னையப் புடிக்கத்தான் அம்மணி. சத்தங்கேட்டா ஒளிஞ்சுக்கறயே."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கையில காசில்லாதப்ப உங்க மொகத்த எப்பிடிப் பாக்கச் சொல்றீக? முந்தாநாத்தேன் தோட்டத்துல நின்னுபோன சம்பளத்துக்கு அரியர் போட்டாக. காலையிலருந்து உங்க சத்தத்துக்குக் காத்துக் கெடக்கேன். நேரமாகியும் ஒண்ணையும் காணோம், என்னமோ ஏதோன்னு எறங்கி வாரேன். ஒளியாத அன்னிக்குப் பாத்துப் புடிக்க வந்திருக்கீகளே."

லயன் வீட்டில் அவரை உட்கார வைத்து, கடுங்காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது கிளாசில்தான் ராவுத்தருக்குக் குரல் முழுசாக வந்தது. வந்ததும் பெரிய மனுசன் தோரணையும் கூடவே வந்தது.

"இங்க பாரு அம்மணி. என் உசுரக் காப்பாத்திப்போட்ட. அந்த நாலாயிரத்து எண்ணூறு இனி தர வேண்டாம். கணக்கு முடிஞ்சுது."

சுருளியம்மாள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "அப்ப உங்க உசுரு நாலாயிரத்து எண்ணூறுதானா?"

ராவுத்தர் கிளாசைக் கீழே வைத்தார்.

"மூணு ஷட்டர்க் கடக்காரருக்கு ரொம்பச் சல்லிசா இருக்கே ராவுத்தரே. ஒரு குக்கரு, ரெண்டு கம்பளி, ஒரு பெட்டி. தவணையில எடுத்தாக்கூட இந்த வெலைக்கு வராது."

அவருக்குச் சுருக்கென்றது. இந்தக் கணக்கு முக்குக்கு எட்டினால் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தார். தனக்கு விலை சொல்ல அவர் இதுவரை யாரையும் விட்டதில்லை. இன்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டாயிற்று, அதுவும் அடிமாட்டு விலைக்கு. அதோடு, நாற்பது வருடத்தில் முதல் வராக்கடனும் அவராகவே எழுதினதாக ஆகிவிடும்.

"அப்பக் கடன் வேற, உசுரு வேற" என்றார்.

"வேற வேறதேன்."

"உசுருக்கு நான் என்ன தரோணும்?"

"அடுத்த மாசம் சத்தம் போட்டுக்கிட்டு வாங்க. அம்புட்டுப் போதும். நான் ஒண்டியா எத்தன நாளைக்குக் குக்கரு விக்கிறது?"

கரடியைப் பார்த்த பிறகு ராவுத்தர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துண்டால் துடைத்துக்கொண்டார்.

அரிசி டின்னுக்குள் கைவிட்டுச் சுருளியம்மாள் பணத்தை எடுத்து வந்தாள். அவர் கையை நீட்டினார். உள்ளங்கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கைய ஆட்டாம வையுங்க. எண்ணிக்க தப்பிரும்."

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்து, கடைசியாக மூன்று நூறுகளை அவற்றின் மேல் வைத்தாள்.