கருப்பு ரூம் அண்ணி

எங்கள் பெயின்ட் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அரைக்கிற மெஷினில் முதலில் வெள்ளை ஓட்டுவார்கள், பிறகு மஞ்சள், சிவப்பு, கடைசியில்தான் கருப்பு. கருப்பு ஓடிய மெஷினை எத்தனை முறை கழுவினாலும் அடுத்து வருகிற வெளிர் நிறம் அழுக்காகத்தான் வரும். ஒவ்வொரு நிறத்துப் பொடிக்கும் தனி ரூம்; அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கும் இதே கணக்குதான். வெள்ளை ரூமில் இருப்பவரைக் கருப்பு ரூமுக்கு அனுப்பலாம். அங்கிருந்து திரும்பி வர முடியாது.

என் அண்ணி வேலைக்குச் சேர்ந்தது வெள்ளை ரூமில். கருப்பு ரூம் ஆள் ஒருவர் கையை உடைத்துக்கொண்டு படுத்தபோது, "ஒரு வாரம் மட்டும் பாத்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் அவரை அங்கே தள்ளினார். அந்த ஒரு வாரம் முடிவதற்குள் அண்ணியின் மகன் பள்ளிக்கூடமே முடித்துவிட்டான்.

அங்கே மூட்டையைப் பிரித்து, இரும்பு ஆக்சைடு என்கிற கருப்புப் பொடியைச் சலித்து, எடை போட்டுப் பிரிக்க வேண்டும். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற பெயின்ட்டுக்கான பங்கு எங்கள் மெஷினுக்குப் போகும். மற்றது அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிற இங்க் கம்பெனிக்கும், பூந்தொட்டி செய்கிற பிளாஸ்டிக் கம்பெனிக்கும். மாவைவிட நைசான பொடி. மாஸ்க் போட்டாலும் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும். காது மடிப்பு, நகக்கண், இமையோரம் என்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

"விஷமெல்லாம் இல்லம்மா, இரும்புதான். உடம்புக்கு நல்லது" என்பார் சூப்பர்வைசர்.

"அப்ப உங்க டீயில ஒரு ஸ்பூன் போடவா சார்?" என்று அண்ணி கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் அண்ணிக்குத் தனி சோப்பு, தனித் துண்டு, தனித் தலையணை. நாற்காலியில் அவர் உட்காரப்போனால் என் அம்மா பழைய போர்வையைக் கொண்டுவந்து விரிப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். "வந்துட்டியா, அடுப்புக்கரி" என்பான் அண்ணன். அதற்கெல்லாம் அண்ணி அசரவில்லை. ஒருநாள் என் அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். "இருங்க அண்ணி, இப்பதான் குளிப்பாட்டினேன்" என்று அக்கா குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணியும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார்.

அதன் பிறகுதான் வெள்ளை ரூமைக் கேட்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். சூப்பர்வைசர் பாக்கலாம், பாக்கலாம் என்றே காலத்தை ஓட்டினார். கடைசியில் வெள்ளை ரூமில் ஒரு பெண் வேலையை விட்டு நின்றாள். ஆர்டர் கழுத்தை நெரித்தது.

"லீவு போட்டு நல்லா தேச்சுக் குளிச்சுட்டு வா. துடைச்சுப் பாத்துட்டுதான் உள்ள விடுவேன்" என்றார்.

அண்ணி முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டார். அவருக்கு நல்ல நீள முடி.

"யாரக் கேட்டுடி வெட்டின?" என்று அண்ணன் குதித்தான்.

"முடியக் கேட்டுத்தான். சரின்னுச்சு."

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் ஓர் ஈர வெள்ளைத் துணியைக் கொடுத்தார். அண்ணி காதுக்குப் பின்னால், கழுத்தில், விரலிடுக்கில் துடைத்துக் காட்டினார். துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகு உள்ளே விட்டார். கருப்பு ரூமுக்குப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்தார்கள்.

நான் பக்கத்து ரூமில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்ப்பேன். வெள்ளைக் கோட்டில், எதையும் தொடப் பயப்படுகிறவர் மாதிரி முழங்கையை ஒட்டிவைத்தே நடந்தார். கொஞ்ச நாளில் அந்தக் கைகள் சாதாரணமாக வீசத் தொடங்கின.

அப்போதுதான் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த வெள்ளையில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தன. சூப்பர்வைசர் வேறு யாரையும் பார்க்கவில்லை. நேராக அண்ணியிடம் வந்தார்.

"உன் தலையிலேருந்துதான் கொட்டியிருக்கு."

அண்ணிக்கு முகமே செத்துப்போயிற்று. லேப்காரர் அந்தப் புள்ளிகளை வடிகட்டி, கழுவி, காயவைத்து, ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். கருப்பு ரூம் பொடி என்றால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இவை கிடந்த இடத்திலேயே கிடந்தன.

"மெஷின் ரப்பர் தேஞ்சு உதிருது சார். அவங்க மேல தப்பில்ல."

"சரி, ரப்பர மாத்துங்க" என்றவர் அண்ணியிடம் திரும்பினார். "நீ நாளைக்கு அந்த ரூமுக்கே போயிடும்மா."

"அதான் நான் இல்லன்னு தெரிஞ்சிருச்சே சார்?"

"இன்னிக்கு நீ இல்ல. அடுத்த தடவை ஒரு புள்ளி வந்தா மறுபடி காந்தத்தத் தூக்கிட்டு அலையணுமா? உன்னப் பாத்தாலே எனக்கு பக்குனு இருக்கு. எனக்கு நிம்மதி வேணும்மா."

லேப்காரர் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அண்ணியின் இடத்துக்கு அந்தப் புதுப் பெண்ணையே அழைத்துவந்தார்கள். "அவ இப்பதான வந்தா, ரொம்ப ஒட்டியிருக்காது" என்றார் சூப்பர்வைசர். ஈரத் துணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் கேக்கலக்கா" என்றாள்.

"நீ என்ன பண்ணுவ? கோட்டப் புடி. கழுத்துப் பட்டன் லூசா இருக்கு, தச்சுக்கோ."

மறுநாள் சாமான் இறக்க வந்த லாரி டிரைவர் அண்ணியைப் பார்த்து, "என்னம்மா, அந்தப் பக்கம் போயிட்டீங்கன்னு சொன்னாங்க?" என்றார்.

"போனேன். அங்க வெளிச்சம் ஜாஸ்தி, கண்ணு கூசுது. வேணாம்னு நானே வந்துட்டேன்."

டிரைவர் தலையாட்டிவிட்டு மூட்டையை இறக்கினார். லேபிள் கட்டு எடுக்க அந்த வழியாகப் போன நான், காதில் விழாதது போல நடந்தேன்.