நாலரை அடி உயரத்தில் ஒரு பொத்தான்

காடு வளர்கிறதா இல்லையா என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் பொறுப்பு இருபத்தெட்டு வருடமாக ஒரு சட்டைப் பொத்தானிடம் இருந்தது. இவ்வளவு பெரிய பொறுப்புக்கு அந்தப் பொத்தான் ஒரு நாளும் படி கேட்டதில்லை, பதவி உயர்வு கேட்டதில்லை. அலுவலகத்திலேயே அப்படிப்பட்ட ஊழியர் அது ஒன்றுதான்.

அந்தச் சட்டையைப் போட்டிருந்த மனிதரை எல்லாரும் அளவுக்காரர் என்பார்கள். வன அலுவலகத்தில் அவருடைய வேலை, மாதிரித் திடலில் நிற்கும் அறுபது மரங்களின் சுற்றளவை வருடத்துக்கு ஒரு முறை நாடா போட்டு அளந்து எழுதுவது. ஏதோ அறுபது மரம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. அவை பிரதிநிதிகள். அவை ஒரு விரற்கடை பருத்தால் ஒன்பதாயிரம் ஹெக்டேர் மலையும் ஒரு விரற்கடை பருத்துவிட்டதாக அர்த்தம். மலை எவ்வளவு பருக்கிறதோ அவ்வளவுதான் வெட்டலாம், அதற்கு மேல் ஒரு குச்சியைத் தொடக் கூடாது என்பது வனக் கொள்கை. வட்டியைச் சாப்பிடு, முதலில் கை வைக்காதே. இத்தனை நேர்மையான கொள்கையை எழுதியவர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அளக்கிறவருக்கும் வயதாகும் என்பதை மட்டும்தான் அவர்கள் எழுதாமல் விட்டார்கள்.

மரம் அடியில் பருத்திருக்கும், மேலே போகப்போக ஒடுங்கும். அதனால் எந்த மரத்தையும் தரையிலிருந்து சரியாக நாலரை அடி உயரத்தில்தான் அளக்க வேண்டும். மற்ற இடங்களில் அந்த உயரத்தில் வண்ணக் கோடு போட்டு வைப்பார்கள். இந்த மரங்களோ வருடா வருடம் பட்டையை உரித்துப் போடுகிற ரகம். பட்டையோடு கோடும் உதிர்ந்துவிடும். ஆகவே அலுவலகத்தில் நாலரை அடிக் கோல் ஒன்று இருந்தது. அளவுக்காரர் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்போதைய ரேஞ்சர் அந்தக் கோலை அவர் நெஞ்சோடு ஒட்டி நிறுத்திப் பார்த்தார். சட்டையின் இரண்டாவது பொத்தான் கோலின் உச்சிக்கு நேராக நின்றது.

"அட, நீயே ஒரு கோல்யா! இனிமே எதுக்குத் தனியா ஒண்ணைத் தூக்கிட்டு அலையணும்?" என்றார் ரேஞ்சர்.

அன்றிலிருந்து அளவுக்காரர் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் பொத்தான் பட்டையில் படும்படி நின்று, கட்டிப்பிடிப்பதுபோல் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டுபோய் நாடா போட்டார். கோல் ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. பிறகு அங்கிருந்தும் காணாமல் போய், காணவில்லை என்று முறைப்படி எழுதிக் கையெழுத்தும் ஆனது.

மற்ற சரகங்களில் அளப்பவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே காட்டை அளந்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. போன வருடத்து எண்ணோடு கொஞ்சம் சேர்த்து எழுதினால் முடிந்தது, காட்டுக்கும் அலைச்சல் இல்லை. நம்மவர் அப்படிப்பட்டவர் அல்ல. மழையோ காய்ச்சலோ, அறுபது மரத்தையும் நேரில் போய்த் தொட்டுத்தான் எழுதுவார். ஒரு பொய் எண் அவர் பேனாவிலிருந்து இறங்கியதில்லை. இந்தக் கதையில் நடந்த சேதம் முழுவதும் ஒரு யோக்கியரால் நடந்தது.

கடைசிப் பத்து வருடங்களில் மழை குறைந்துகொண்டே போயிற்று. ஆனால் அறுபது மரங்களும் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பருத்தன. அலுவலகம் முதலில் ஆச்சரியப்பட்டது. பிறகு அந்தப் பெருமையைத் தானே எடுத்துக்கொண்டது. நன்றாக நிர்வகிக்கப்படும் காடு வறட்சியிலும் வளரும் என்று இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஒரு கருத்தரங்கில் அளவுக்காரரின் எண்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அவருக்கு அழைப்பு இல்லை. வளர்ச்சி ஏற ஏற வெட்டுக்கான அனுமதியும் ஏறியது. கீழ்ச்சரிவு போயிற்று, நடுச்சரிவு போயிற்று, எல்லாமே சட்டப்படி. அடுத்த பத்தாண்டுத் திட்டத்தில் மேல்சரிவின் முறை வந்தது.

மேல்சரிவுக்கு நேர் கீழே அளவுக்காரரின் தங்கை வீடு. கணவர் போன பிறகு, சரிவிலிருந்து கசிந்து வரும் ஊற்றை நம்பி முள்ளங்கியும் கீரையும் போட்டுப் பிழைத்துவந்தாள்.

"அண்ணே, மேல வெட்டப் போறாங்களாமே? ஊத்து நின்னுடாதா?" என்று கேட்டாள்.

"காடு தாங்கும்மா. நானே அளந்திருக்கேன்."

"நீ அளந்தா சரி," என்று சொல்லிவிட்டு முள்ளங்கி பிடுங்கப் போய்விட்டாள்.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கையில் உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் நர்ஸ் அவரைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தாள், பழைய தாளைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"சேரும்போது அஞ்சடி எட்டு அங்குலம்னு போட்டிருக்கு. இப்போ அஞ்சடி நாலு. மீதி நாலு அங்குலத்தை எங்க சார் வச்சிட்டு வந்தீங்க?"

"வயசாச்சும்மா."

"வயசு ஏறுது, நீங்க இறங்கறீங்க. கூன் வேற. நல்லா நிமிர்ந்து நில்லுங்க பாக்கலாம்."

"நிமிர்ந்துதாம்மா நிக்கறேன்."

அவரும் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. பேருந்து வந்தது, நின்றது, போயிற்று. அவர் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தையல் நாடாவைக் கொடுத்து, தரையிலிருந்து பொத்தான் வரைக்கும் அளக்கச் சொன்னார்.

"நாலடி," என்றாள்.

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாத்தேன். நாலடி. ஏன், பொத்தான் உங்ககிட்ட ஏதாவது புகார் சொல்லுச்சா?"

சுவரோடு நிமிர்ந்து நின்றால் நாலு அங்குலம், மரத்தின் முன் வழக்கம்போல் நின்றால் ஆறு அங்குலம். முதுகு பத்து வருடமாக மெல்ல மெல்ல வளைய, பொத்தான் மெல்ல மெல்ல இறங்க, நாடா ஒவ்வொரு வருடமும் மரத்தின் இன்னும் கொஞ்சம் பருமனான இடத்தைச் சுற்றியிருக்கிறது. மரம் பருத்தது பாதி, அவர் குனிந்தது பாதி. இரண்டையும் சேர்த்துக் காட்டின் வளர்ச்சி என்று எழுதியாயிற்று.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "பத்து வருஷமா நிமிர்ந்து நடங்க, நிமிர்ந்து நடங்கன்னு கத்தறேனே, காதுல விழுந்துச்சா?"

அந்த மலையின் நிர்வாகத்தைப் பற்றிப் பத்து வருடத்தில் யாராவது எச்சரித்திருக்கிறார்கள் என்றால் அது அவள் ஒருத்திதான். எந்தக் கோப்பிலும் அது பதிவாகவில்லை.

மறுநாளே துணி காயப்போடும் கம்பை நாலரை அடிக்கு வெட்டிக்கொண்டு இருவரும் திடலுக்குப் போனார்கள். அவள் கம்பைப் பிடித்தாள், அவர் நாடா போட்டார். மூன்று நாள் ஆயிற்று.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். என் செருப்பு அளவு என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியாது."

"இதுங்க அளவு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் வரும்."

"அதுவும் தப்பா இல்ல வந்திருக்கு," என்றார். அதற்கப்புறம் அவள் கேலி செய்யவில்லை.

கடைசிப் பத்து வருடத்தில் மரங்கள் உண்மையில் வளர்ந்தது, எழுதியதில் பாதிகூட இல்லை. வட்டி என்று நினைத்து எல்லாரும் முதலைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். திட்டத்தில் கையெழுத்தாக இன்னும் பதினோரு நாள் இருந்தது. அளவுக்காரர் இப்போதைய ரேஞ்சர் அறைக்குப் போனார்.

"சார், திட்டத்தை நிறுத்தணும்."

"ஏன்?"

"என் முதுகு வளைஞ்சிடுச்சு சார்."

"அதுக்கு லீவு போடுங்க. திட்டத்தை ஏன் நிறுத்தணும்?"

அளவுக்காரர் எழுந்து நின்று பொத்தானைக் காட்டி விளக்கினார். ரேஞ்சர் புத்திசாலி. பாதியிலேயே புரிந்துவிட்டது, அதனால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"சம்சாரத்துக்குத் தெரியும்."

"அவங்க வெளியில சொல்லுவாங்களா?"

"அவ என்கிட்ட மட்டும்தான் சார் சத்தம் போடுவா."

ரேஞ்சர் கெட்டவர் அல்ல. "சரி, உக்காருங்க. புது அளவைப் போட்டே பாத்துடலாம்," என்று கணினியைத் தன் பக்கம் திருப்பினார். முதல் மரத்தின் எண்ணை அடித்ததும் கட்டம் சிவந்தது. போன வருடத்தைவிடக் குறைவு. காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. மூன்று காரணங்கள் இருந்தன. மரம் இறந்தது. மரம் திருடப்பட்டது. மரம் தீயில் எரிந்தது.

"குனிஞ்சதுன்னு ஒண்ணு இல்லையா சார்?"

"இல்லை. செத்துப் போச்சுன்னு போடட்டுமா?"

"உயிரோட நிக்குதே சார்."

"திருட்டுன்னு போட்டா கேஸ் எழுதணும். அறுபது கேஸ். உங்களைத்தான் முதல்ல விசாரிப்பாங்க." ரேஞ்சர் யோசித்துவிட்டு, "வளர்ச்சியே இல்லைன்னு போன வருஷத்து எண்ணையே திரும்பப் போடுவோம். அதுவாவது உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வரும்," என்றார்.

அறுபதுக்கும் போட்டார்கள். கணினி ஒரு நிமிடம் யோசித்தது. வளர்ச்சி பூஜ்யம் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்று முடிவு கட்டி, கடந்த பத்து வருடச் சராசரியைத் தானே எடுத்து நிரப்பிவிட்டு, நன்றி சொன்னது.

ரேஞ்சர் திரையை மறுபக்கம் திருப்பினார்.

"நான் மேல எழுதலாம்," என்றார் ரேஞ்சர் கடைசியில். "என்னன்னு எழுதறது? ஒன்பதாயிரம் ஹெக்டேரும் ஒருத்தரோட முதுகெலும்பும்னா? ஏற்கெனவே வெட்டினதுக்கு யார் பதில் சொல்றது? மர ஆலையில முந்நூறு பேர் வேலை பாக்கறாங்க. நாளைக்கு அவங்க வந்து வாசல்ல நின்னா உங்க முதுகைக் காட்டவா? சான்றிதழ் கொடுக்கற அம்மா புதன்கிழமை வராங்க. அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. நான் தடுக்கலை."

சான்றிதழ் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். இந்தக் காட்டு மரத்தை மனசாட்சிக்குப் பங்கமில்லாமல் வாங்கலாம் என்று தூரதேசத்து மேஜை நாற்காலிக்காரர்களுக்கு முத்திரை குத்தித் தருவது அவர் வேலை. நல்ல பெண்மணி, திடல் வரைக்கும் நடந்தே வந்தார். அளவுக்காரர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மதிப்பீட்டாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேள்விப் பட்டியலை எடுத்தார்.

"அளக்கும் முறை எழுத்துல இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா..."

"எல்லா வருஷமும் ஒரே ஆள்தான் அளக்கறாரா?"

"நான்தாம்மா. அதுதாம்மா தப்பே."

"ஒரே ஆள்னா ரொம்ப நல்லது. அதே மரத்தை இப்ப ரெண்டு தடவை அளங்க."

அளந்தார். இரண்டு தடவையும் ஒரே எண். மதிப்பீட்டாளர் மகிழ்ந்துபோனார். இரண்டு நிமிட இடைவெளியில் முதுகு வளையாது என்பதை அளவுக்காரர் எடுத்துச் சொன்னதற்கு, அந்த அம்மா அவர் கையைத் தொட்டு, முதுகுக்கு நல்ல பயிற்சி நிபுணர் இருக்கிறார், அவசியம் போய்ப் பாருங்கள் என்றார். அறிக்கையில், களப் பணியாளர்களிடம் காணப்படும் சுயவிமர்சனப் பண்பு மற்ற வனங்களுக்கு முன்மாதிரி என்று ஒரு பத்தியே எழுதினார். திட்டத்தில் கையெழுத்து குறித்த நாளில் ஆயிற்று.

மேல்சரிவில் எந்தெந்த மரத்தை வெட்டலாம் என்று சுத்தியால் முத்திரை குத்துவதும் அளவுக்காரர் வேலைதான். மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு ஆள் வருவான், அவன் கணக்கில்லாமல் குத்துவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். ஒன்பது நாள் குத்தினார். உத்தரவில் இருந்தது ஆயிரத்து நூற்று நாற்பது மரம், அதற்கு ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. கடைசி நாள் தங்கை ஒரு சொம்புத் தண்ணீரோடு ஏறி வந்தாள்.

"ஏன் பாத்துட்டே நிக்கறே? குடி."

"நான் அளந்தது தப்பும்மா. காடு தாங்காது."

அவள் முத்திரை குத்திய மரங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அப்புறம்?"

"பாராட்டினாங்க."

அவள் சொம்பைக் கல்லின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

வெட்டு இருபத்திரண்டு நாளில் முடிந்தது. முதல் மழைக்கு ஊற்று செம்மண் குழம்பாக வந்து கீரைப் பாத்திகளை மூடியது. அடுத்த கோடையில் அதுவும் வரவில்லை. ஒரு மத்தியானம் தங்கை இரண்டு பைகளோடு அளவுக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர் ஒரு பையை வாங்கிக்கொண்டார். வா என்று சொல்லத் தோன்றவில்லை, அவள் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அங்க திரும்ப மரம் எப்போண்ணே வரும்?"

"கன்னு நட்டிருக்காங்க. திட்டப்படி நாப்பது வருஷம்."

"சரி. அண்ணிகிட்ட சொல்லிடு, நாப்பது வருஷம் இங்க தங்கறேன்னு."

அவர் சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். அவரும் முயன்று பார்த்தார்.