யாருமில்லாத உடம்பு

என் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் கார்ட்டூன் பார்க்க ஆரம்பித்தார். கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் காதில் விழும்படியாகவே. முகமூடி போட்ட ஒருவன் பறப்பான், அடிப்பான், விழுவான், எழும்புவான். நடிகன் நடித்த படமென்றாலாவது பரவாயில்லை. எல்லாம் வரைந்த படம். டயாலிசிஸ் படுக்கையில் ஒரு கை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க, வயிற்றின் மேல் தலையணையை வைத்து, அதில் டேப்லெட்டைச் சாய்த்து, நான்கு மணி நேரமும் அதையே பார்ப்பார். அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் செய்தி ஓடும், சீரியல் ஓடும். எங்கள் படுக்கையில் மட்டும் ஒருவன் ஜட்டியைப் பேண்டுக்கு மேல் போட்டுக்கொண்டு பறப்பான். எனக்கு மானம் போகும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் வெட்கத்துக்கு அதுதான் காரணம். ஒருநாள் அடுத்த படுக்கைக்காரரின் மனைவி டேபை எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான், "வீட்டுல கொச்சுப் பிள்ளைங்க உண்டோ?" என்று கேட்டாள். "உண்டு, ஒண்ணு. இஞ்ச கெடக்குது பாருங்க" என்று அவரைக் காட்டினேன். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் வீடு திரும்பிய பிறகும் ஆறவில்லை.

நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். அவர் கம்பி கட்டும் மேஸ்திரி. கட்டடம் எழும்பும் இடமெல்லாம் போய், கடைசியில் எல்லை தாண்டி, மலையாள ஊரான விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்கு வந்தார். ஸ்ரீவராகத்தில் குளத்துக்குப் பின்னால் வாடகை வீடு பிடித்தோம். நான் கிழக்கேகோட்டையில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்கிறேன். தமிழும் மலையாளமும் அடிப்பேன். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு, எதுவானாலும் சரி. இரண்டு மொழியிலும் என் விரலுக்கு ஒரு சொல் பிசகாது என்ற திமிர் எனக்கு உண்டு. அதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதுகு வலிக்கென்று வருஷக்கணக்காக அவர் விழுங்கிய மாத்திரைகள் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீருக்கு அளவு. மற்ற நான்கு நாளும் தாகத்தோடு போராட்டம். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில், "பிள்ளே, ஒரு படத்துக்குப் போவமா?" என்றார். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மனிதர் ஆசைப்படுகிறாரே என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

உள்ளே குழந்தைகள் கூச்சல் போடும் என்று நினைத்தேன். அரங்கில் பாதிக்கு மேல் பெரியவர்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க இரண்டு பேர், மடியில் ஹெல்மெட்டோடு ஒருவர், தனியாக வந்திருந்த என் வயதுப் பெண்மணி ஒருத்தி. சண்டை வந்தபோது குழந்தைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் அசையவில்லை. சண்டையெல்லாம் முடிந்து, அந்த வீரன் ஒரு மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து முகமூடியைக் கழற்றி, உடைந்த விலாவைத் தொட்டுப் பார்க்கிற காட்சியில்தான் ஹெல்மெட்காரர் மூக்கை உறிஞ்சினார். குழந்தைக்கு அவன் பறக்கிறவன். வேலைக்குப் போய்த் திரும்புகிற ஆளுக்கு அவன் வலியோடு வீட்டுக்குப் போகிறவன், நாளைக்கும் போயே ஆகவேண்டியவன். இது எனக்குப் புரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. அழுவதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்றிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "நல்ல நடிகனுக்க படம் எத்தனை ஓடுது? இது என்ன எளவு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நடிகன் படம் பாத்தா எனக்கு அவனுக்க தோளும் மூச்சுமாக்கும் தெரியுது. எவ்வளவு நல்லா இருக்கான்னு வயிறு எரியுது. இதுல அப்படி ஒருத்தனும் இல்ல. வரைஞ்சதுதானே. யாருமில்லாத உடம்பாக்கும். அதனால எனக்கு உள்ள கேறி இருக்கலாம்."

பதினெட்டு வயதிலிருந்து உயரத்தில் நின்று வேலை செய்தவர். இப்போது பஸ் படி ஏற என் தோளைப் பிடிக்கிறார். இறங்கும்போது நானே தோளை நீட்டினேன்.

அன்றிலிருந்து காதில் மாட்டும் ஒயரில் ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நானும் பார்க்க ஆரம்பித்தேன். கடையில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் விடுப்பு, பிற்பகல் மட்டும் வருவதாகப் பேசி வைத்திருந்தேன். அவரோடு படம் பார்ப்பது லேசான காரியமில்லை. வீரன் ஒரு சுவரை உடைத்துக்கொண்டு போனால் படத்தை நிறுத்தச் சொல்வார். "கம்பி எங்க? இத்தனை மாடிக்குக் கம்பியே இல்லாம எவன் கட்டினான்?" என்பார். மூன்று படம் இப்படிப் போயிற்று. நாலாவதில் ஒரு பாலம் இடிந்தது. உடைந்த தூணுக்குள்ளிருந்து கம்பிகள் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன, அதில் கட்டுக்கம்பியின் முறுக்குகூடத் தெரிந்தது. அவர் படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். இயந்திரம் கத்தியது. சிஸ்டர் ஓடி வந்தாள்.

"பாத்தியா பிள்ளே! வேலை அறிஞ்சவன் எவனோ இருந்து வரைஞ்சிருக்கான். நடிச்ச படத்துல தூசி தானா பறக்கும். இதுல ஒவ்வொரு தூசியும் ஒருத்தன் நெனச்சு வச்சதாக்கும்."

சிஸ்டர் அவரைத் திட்டிக்கொண்டே ஊசியைச் சரி செய்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நோய் வந்த பிறகு நான் பார்த்ததில்லை. இன்னொரு நாள், "இவனும் காலையிலேருந்து தண்ணி குடிக்கல்ல, கவனிச்சியா?" என்றார். அதன்பிறகு எந்த வீரனாவது தண்ணீர் குடிக்கிறானா என்று இருவரும் பார்ப்போம். ஒருவனும் குடிப்பதில்லை. சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறோம் இரண்டு பேரும்.

இரண்டாவது வருஷம் எல்லாம் இறங்குமுகம். இயந்திரத்துக்காகக் கையில் போட்டிருந்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். இயந்திரம் ஓடும்போது கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். வீட்டுக்கு வந்தால் அடுத்த நாள் மதியம்வரை தலை நிமிராது. தலை நிமிரும்போது அடுத்த முறைக்கு நேரமாகியிருக்கும்.

கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்து மழை, பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. மூன்றாவது மணி நேரம். படத்தில் வீரன் கீழே விழுந்து கிடந்தான். அவர் வலது கையை விரித்து டேபின் மேல் வைத்தார். "மதி, பிள்ளே" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். இந்த ஊருக்கு வந்த தமிழர்கள் எல்லாருடைய வாயிலும் அது ஒட்டிக்கொண்டுவிடும். ஆனால் எங்களிடம் அது சோற்றுத் தட்டோடு சரி. இன்னொரு கரண்டி போடப் போனால் தட்டின் மேல் கையை விரித்து, மதி என்போம். டிவியை அணைக்கச் சொல்லவும் அதுதான். வாழ்க்கை சலித்தால், சண்டை முற்றினால், "போதும்" என்று தமிழில் சொல்வோம். பெரிய காரியத்துக்குப் பெரிய சொல், சின்ன காரியத்துக்குச் சின்ன சொல். யாரும் வகுத்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

ஆகவே நான் படத்தை நிறுத்தினேன். "சரி, பொறவு பாக்கலாம்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை டேபைச் சாய்த்ததுமே, "மதியாக்குவமா?" என்றார். நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். "படம் கொள்ளாம் இல்லியா, பிடிக்கல்லியா? வேற போடுறேன்" என்றேன். கடையில் வேலை செய்யும் பெண்ணைப் பிடித்துப் புதிதாக எட்டுப் படங்கள் ஏற்றிக்கொண்டேன். திங்கள்கிழமை ஒன்று போட்டேன். மறுபடியும் கையை விரித்தார். புதன்கிழமை வேறொன்று. இப்படி மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் படத்தை மாற்றினேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொல்லத்துக்காரி, என்னைவிடப் பாதி வயசு. "சேச்சீ, சேட்டன் பறஞ்ஞது சினிமயுடெ கார்யமல்ல" என்றாள். அவர் சொன்னது சினிமாவைப் பற்றியல்ல. அவளுக்கு அந்தச் சொல் தாய்மொழிச் சொல். எங்கள் வீட்டுத் தட்டும் கரண்டியும் அவளுக்குத் தெரியாது. நேராகக் கேட்டாள், நேராகப் புரிந்துகொண்டாள்.

மலையாளம் தெரியும் என்று மார்தட்டிக்கொள்கிறவள் நான், எனக்குப் புரியாமலா இருந்தது? முதல் நாள் சத்தியமாகப் புரியவில்லை. இரண்டாம் நாளிலிருந்து புரிந்தது. புரிந்துதான் எட்டுப் படம் ஏற்றினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர் சொன்னாளா?" என்றார்.

"சொன்னா. எதுக்கு எங்கிட்ட நேர சொல்லல்ல?" என்று கத்தினேன்.

"நேரத்தான் சொன்னேன். நீ படத்த மாத்திட்டே இருந்தே."

"போதும்னு சொல்லியிருக்கலாமே!"

"அது சொன்னா நீ அழுவே. சோறு மதின்னு சொல்லுத மாதிரி சொல்லிப் பாத்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "விழுந்தவன் எழும்புறது அவனுக்க பலம்னு நெனச்சிட்டிருந்தேன். அவனுக்கு ஒரு பலமும் இல்ல பிள்ளே. வரையிறவனுக்கு அவன் எழும்பணும். அதனால எழும்புறான். எனக்க காரியமும் அதாக்கும். நீயாக்கும் வரையிற."

எனக்கு வந்தது கோபம்தான். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக என்னிடமே அனுமதி கேட்கிறாரே என்ற கோபம். இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பையைக் கீழே போட்டுவிட்டு அவருடைய வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டேன். "ஓணம் கழியட்டும்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். ஓணத்துக்கு எங்கள் வீட்டில் என்ன விசேஷம்? ஒன்றுமில்லை.

அவர் "சரி" என்றார்.

ஓணம் வந்தது, போயிற்று. அவர் என்னைப் பார்த்தார், வாய் திறந்து கேட்கவில்லை. நானே முந்திக்கொண்டு, "கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றேன். அதற்கும் தலையாட்டினார். திங்கள், புதன், வெள்ளி ஒன்றுகூடத் தவறாமல் ஆட்டோவில் ஏறினார். ஆனால் படம் பார்ப்பதை விட்டுவிட்டார். டேபைச் சாய்த்து வைப்பேன், கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு ஒயரையும் நானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்க வேண்டாத பெரிய பெரிய இடிச் சத்தங்களெல்லாம் கேட்கும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பகலில், நான் கடையில் யாருடைய மனுவையோ அடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் தனியாக இறந்துபோனார். அவர் கேட்டதிலிருந்து ஆறு மாதம். நான்தான் அவரை இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்திருந்ததாக உறவுக்காரர்கள் சொன்னார்கள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று சிஸ்டர்கள்கூடச் சொன்னார்களாம். நான் காப்பாற்றவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதற்காக ஒரு மனிதரை ஆறு மாதம் எழுப்பி எழுப்பி நிறுத்தினேன்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், தனியாக ஒரு படத்துக்குப் போனேன். வரைந்த படம்தான். முகமூடி, பறத்தல், எல்லாம் உண்டு. அரங்கில் பத்திருபது பேர், அநேகமாக எல்லாரும் பெரியவர்கள். தனியாக வந்திருந்த என் வயதுப் பெண்மணி இப்போது நான்தான்.

கடைசிச் சண்டையில் வீரன் கட்டடத்தோடு சேர்ந்து சரிந்தான். இடிபாட்டுக்கு நடுவே முகம் குப்புறக் கிடந்தான். இசையை நிறுத்திவிட்டார்கள். அவன் விரல் ஒன்று மெல்ல அசைந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். அரங்கில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழும்பு எழும்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவன் கையை ஊன்றினான். கை வழுக்கியது. மறுபடி ஊன்றினான்.

"எழும்பண்டாம்" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். "எழும்பண்டாம், அப்படியே கெடங்க."

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். படத்தில் வருகிறவனைப் போய் யாராவது மரியாதை கொடுத்துப் பேசுவார்களா என்று நினைத்திருப்பார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள்.