எங்கள் எம்.எல்.ஏ.வும் அம்மா வாங்கிய பொன்னாடையும்

எங்கள் எம்.எல்.ஏ. அரசியலுக்கு வருவதற்கு முன் நீச்சல்குளம் விற்றுக்கொண்டிருந்தார். டெக்சாஸில் ஆஸ்டினை ஒட்டிய எங்கள் ரவுண்ட் ராக்கில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வந்ததும் வீடுகள் முளைத்தன, வீடுகளுக்குப் பின்னால் குளங்கள் முளைத்தன, அவரும் முளைத்தார். முதலில் பள்ளி போர்டு மெம்பர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு போட்டால் குடும்பம் என்கிற அமைப்பே சீரழிந்துவிடும் என்று அங்கே முழங்கினார். அந்த முழக்கத்துக்குப் பரிசாக டெக்சாஸ் சட்டசபைக்கே அனுப்பிவைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற சபை அது. அதற்கும் அவர் பாதி நாள் போகவில்லை.

மாட்டின் பக்கம்கூடப் போகாதவர், ஆனால் எந்நேரமும் காலில் மாட்டுக்கார பூட்ஸ். வாயைத் திறந்தால் குடும்பம். வரியைக் குறைப்பது குடும்பத்துக்காக, துப்பாக்கி வைத்திருப்பது குடும்பத்துக்காக. எங்கள் தெரு முனையில் இருந்த தட்டியில் மனைவி, நான்கு பிள்ளைகள், ஒரு நாயோடு சிரித்துக்கொண்டிருப்பார். அதைக் கடந்து கார் ஓட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவுக்கும் அப்போது அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

நேரில் பார்க்க நேர்ந்தது என் பிரசவத்தால். தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்கு முதல் குழந்தை உண்டாகியிருந்தது. ஈரோட்டிலிருந்து அம்மா வரவேண்டும். சென்னையில் விசா கேட்டுப் போனாள், இல்லையென்று சொல்லிவிட்டார்கள். விதவை, ஒரே பெண், அந்தப் பெண்ணும் அமெரிக்காவில். இவள் திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நினைத்திருப்பார்கள். ஃபோனில் அம்மா அழவில்லை. "பத்தியத்துக்கு யாரு கண்ணு செஞ்சு போடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஃபோனை வைத்துவிட்டு நான்தான் அழுதேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் திருநெல்வேலிக்காரர், இதய டாக்டர். எல்லோருக்கும் அங்கிள். விஷயம் காதில் விழுந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்குப் போயா கலங்குத? நம்ம எம்.எல்.ஏ.வைப் பொங்கல் ஃபங்ஷனுக்கு சீஃப் கெஸ்டா கூப்பிடுவோம். பொன்னாடை போத்துவோம். மேடையிலயே உன் விஷயத்தை டாக் பண்ணிருதேன்."

என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்கிள், விசா வாஷிங்டன் சமாச்சாரம். இவர் ஸ்டேட்காரர். இவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தம்பி, ஆளுங்கட்சி ஆளு. ஒரு ஃபோன் போட்டா முடியாதா?"

இருபது வருஷம் அமெரிக்காவில் இருந்தவர், ஊசியைக் கண்டு பயப்படும் அமெரிக்கர்களின் நெஞ்சைக் கீறி இதயத்தைச் சரிசெய்பவர், இப்படிச் சொன்னார். பாளையங்கோட்டையில் எம்.எல்.ஏ. சிபாரிசில் தாலுகா ஆபீஸில் வேலை நடந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதுதான் அரசாங்கம். அங்கிளைச் சொல்லி என்ன பயன்? நானும் நம்பினேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு நம்பத்தான் தோன்றும்.

அம்மா என்னைவிட அதிகமாக நம்பினாள். பொன்னாடை தன் செலவுதான் என்று அடம்பிடித்தாள். ஈரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மெரூன் பட்டில் அகல ஜரிகை போட்டதாக ஒன்றை எடுத்து, லீவு முடிந்து ஆஸ்டின் திரும்பிய ஒரு பையனின் பெட்டியில் கொடுத்தனுப்பினாள். "அவரு நல்ல செவப்பா இருப்பாருல்ல, மெரூன் எடுப்பா இருக்கும்" என்றாள்.

எடுப்பாகத்தான் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் விழா. வந்தவர் ஒரு மணி நேரம் தாமதம். அங்கிள் பொன்னாடை போர்த்தியதும் ராஜா மாதிரி உணர்வதாகச் சொன்னார். கைதட்டினோம். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், தன் நான்கு பிள்ளைகளும் பிறந்தபோது மாமியார் வந்து இரண்டிரண்டு மாதம் கூடவே தங்கியதைப் பற்றிப் பேசினார். அந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

மேடையை விட்டு இறங்கியவர் முன் அங்கிள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எல்லாவற்றையும் கேட்டார். தாயும் மகளும் பிரிந்திருப்பது கொடுமை, கட்டாயம் கவனிக்கிறேன் என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி.

"நீங்கள் எல்லோரும் ஓட்டுப் போடப் பதிந்துவிட்டீர்கள்தானே?"

அங்கிள் பெருமையாகச் சொன்னார். "நான் சிட்டிசன். இவங்கல்லாம் இன்னும் இல்ல சார். க்ரீன் கார்டுக்கே இப்பத்தான் அப்ளை பண்ணியிருக்காங்க."

என் கை அந்தரத்தில் நின்றது. அவர் விட்டுவிட்டார். சாப்பிடக்கூட நிற்கவில்லை, இன்னொரு கூட்டம் இருந்ததாம். சர்க்கரைப் பொங்கல் ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆபீஸுக்கு எத்தனையோ ஃபோன் செய்தேன். கடைசியில் ஒரு பெண் எடுத்து, விசா எங்கள் வேலையே இல்லை என்றாள். என் கணவர் அன்று சொன்ன அதே வார்த்தை. அம்மா இரண்டாம் முறை போனாள், மறுபடியும் இல்லையென்றார்கள். மகன் பிறந்தான். அவன் அழுவதை அம்மா ஃபோனில்தான் கேட்டாள். பத்தியச் சாப்பாட்டை என் கணவர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்தார், பூண்டுக் குழம்பைத் தீய்த்தார், தீய்ந்ததைத் தின்றேன். அந்த ஆளை அன்றிலிருந்து மன்னிக்கவில்லை, இன்றும் இல்லை.

மகனுக்கு மூன்று வயதானபோது அம்மாவுக்கு விசா கிடைத்தது. கவுன்ட்டரில் இருந்தவள் பேரனின் ஃபோட்டோவைப் பார்த்துச் சிரித்தாளாம், கொடுத்துவிட்டாளாம். அதுதான் காரணம் என்று நம்ப அம்மா தயாராயில்லை. எம்.எல்.ஏ. சொல்லித்தான் கிடைத்தது என்றாள். நான் எவ்வளவோ மறுத்தேன். "பெரிய மனுசங்க செஞ்சதைச் சொல்லிக் காட்டமாட்டாங்க கண்ணு" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அவள் வந்த சமயம் நம்மவர் வாஷிங்டன் பார்லிமென்டுக்கே குறிவைத்திருந்தார். அயல்நாட்டுக்காரர்கள் நம் குடும்பங்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பதுதான் புதுப் பாட்டு. அவர் கட்சியிலேயே சீட்டுக்குப் போட்டியிட்ட இன்னொருவர், பொன்னாடையோடு அவர் நிற்கும் பழைய படத்தை எங்கிருந்தோ பிடித்து, இவர் யாருடைய ஆள் பாருங்கள் என்று அச்சடித்து வீடு வீடாகப் போட்டுவிட்டார். அன்று சாயங்காலச் செய்தியில் நம்மவர் பதில் சொல்ல வந்தார். அம்மா சோபாவில், மடியில் என் மகன்.

"கண்ணு, இவருதான? என்ன சொல்றாரு?"

மகன் டிவியைப் பார்த்தபடியே முந்திக்கொண்டான். "ஹி த்ரூ இட் இன் த ட்ராஷ், பாட்டி."

அவனுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான். அம்மா என்னைப் பார்த்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த ஆளுக்காக என் அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"யாரோ எம்மேல ஒரு துணியப் போட்டாங்க, கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே அதக் குப்பைல போட்டுட்டேன்னு சொல்றான்மா அந்த ஆளு. சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

அம்மா பேரனை இறக்கிவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வந்தபோது கையில் இன்னொரு பட்டு, மயில்கழுத்து நிறம். விசா வாங்கித் தந்த மகராசனுக்கு நேரில் போர்த்த எடுத்து வந்தது. எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாள். அதை உதறி என் தோளில் போர்த்தினாள்.

"தனியாக் கெடந்து பிள்ளை பெத்தவ நீ. உனக்குப் போத்தாம எவனுக்கோ போத்துனேன் பாரு."

தேர்தலில் அவர் ஜெயித்தார். ஜெயிக்காமல் என்ன? மறுநாளே அங்கிள் ஃபோன்.

"ஏம்மா, நம்ம ஆளு வாஷிங்டனே போயிட்டாரு! இனிமே விசா எல்லாம் அவரு கைல. ஒரு பாராட்டு விழா வச்சிருவோம். அம்மா ஊர்ல இருந்து பொன்னாடை ஏதாவது கொண்டுவந்திருக்காங்களா?"

நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொண்டாந்தது ஒண்ணுதான், அதப் போத்தியாச்சுன்னு சொல்லு."