வேலாயி வீட்டுக் கோழிகளின் தோட்டம்

லிந்துலைக் கடைத்தெருவில் போன மாதம் ஒரு செய்தி ஓடியது. மேற்பிரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் வேலாயி, தோட்டத்து நிலத்திலேயே தனக்கென்று கள்ளத்தனமாகத் தேயிலை போட்டிருக்கிறாளாம். கொழுந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கிறாளாம். அதனால்தான் அவள் வீட்டு முட்டையின் கரு செக்கச் செவேலென்று இருக்கிறதாம். சலூனில் நாலு வரிசைச் செடியாக இருந்தது, தலவாக்கலை பஸ் போய்த் திரும்புவதற்குள் அரை ஏக்கராகிவிட்டது. கோழிகளையும் சும்மா விடவில்லை. தேயிலை தின்று அவற்றுக்குத் தூக்கம் போய்விட்டது, ராத்திரியிலும் முட்டையிடுகின்றன என்று மருந்துக்கடைப் பக்கம் பேச்சு.

இதை உறுதிசெய்துகொள்ள ஒரு வழிதான் உண்டு: ஏறிப் போய்ப் பார்ப்பது. செய்தியைச் சுமந்த யாருக்கும் அந்த ஏற்றத்துக்கு மூச்சு இல்லை. எல்லோரும் கீழே ரோட்டில் நின்றே பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. லயத்துக்குப் பின்னால், இடுப்புயரத்தில், சீவிவிட்டதுபோல் மேல்மட்டம் ஒன்றாக, வரிசை தப்பாமல் பச்சைச் செடிகள். தேயிலையேதான்.

ஏறிப் போனால் மல்பெரி.

வேலாயி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். மகன் கொழும்பில், வீட்டில் அவளும் மருமகள் லோஜினியும் கோழிகளும். கடைத் தீவனம் எட்டாத விலைக்குப் போனபோது, லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் கோழிகளுக்கென்று கீரை விதைத்தாள். முளைத்த அன்றே கோழிகள் இறங்கி, தின்றது பாதி, கிளறி எறிந்தது பாதி என்று பாத்தியைப் போர்க்களமாக்கின. அடுத்த முறை பலகையால் சட்டம் அடித்து, பாத்திக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பிவலை இழுத்துக் கட்டினாள். வலைக்கு மேலே எட்டிப் பார்க்கும் இலை கோழிக்கு. கீழே இருக்கும் வேர் வேலாயிக்கு. கோழிகள் வலைமேல் ஏறி நின்று கொத்தின. கிளறக் கால் எட்டவில்லை. முள்ளங்கியும் கீரையும் தின்னத் தின்னத் துளிர்த்தன.

மல்பெரிக் குச்சிகள் கினிகத்தேனையில் தங்கச்சி வீட்டு வேலியிலிருந்து வந்தவை. இலையைக் கோழி விரும்பித் தின்னும். பருந்து வட்டமிட்டால் செடிக்கடியில் ஓடி ஒளியும். விட்டிருந்தால் மரமாகியிருக்கும். வேலாயியின் கை விடவில்லை. மலையில் தேயிலைமேல் மட்டக்கம்பைக் கிடத்தி, அதைத் தாண்டியதை மட்டும் எடுத்த கை அது. அதே கம்பை மல்பெரிமேல் கிடத்தினாள். வாரம் ஒரு சுற்று. எடுத்த இலை கோழிக்கு.

காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். கோழிகளுக்கும் அவள் பெரட்டு வைத்தாள். தகரத்தில் தட்டினால் எல்லாம் வந்து நிற்கும். இன்றைக்கு எந்தப் பாத்தி என்று அவள்தான் திறந்துவிடுவாள். மற்றவை மூடிக் கிடந்து துளிர்க்கும். சேவலுக்கு, தோட்ட மேலாளரைச் சொல்வதுபோல, பெரிய தொரை என்று பெயர். விடியுமுன் சத்தம் போடும், முதல் ஆளாகச் சாப்பிடும், முட்டை விஷயத்தில் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

செய்தி தோட்டத்துக் கண்டாக்கு கணேசமூர்த்தியின் காதுக்குப் போனது. வேலாயி கொழுந்தெடுத்த தேயிலை மலைகளையெல்லாம் மேற்பார்த்தவர் அவர். மோட்டார் சைக்கிளை ரோட்டில் நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். தேயிலைதான் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் பிடுங்காவிட்டால் ஆள் வந்து வெட்டும், நிலத்தையும் தோட்டம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்.

லோஜினி ஆபீசுக்குப் போகச் செருப்பை மாட்டினாள்.

"மாமி, ஒரு வார்த்த போதும். இது தேயில இல்லைங்கய்யான்னு நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"சொல்லக் கூடாது."

"ஏன் மாமி?"

"அவருக்குக் கண்ணு இருக்குல்ல. மேல வந்து பாக்கட்டும்."

"மேல வந்தா மண்வெட்டியோடதான் வருவாங்க. வெட்டிப் போட்டுட்டுத்தான் என்னா செடின்னு கேப்பாங்க."

"வெட்டக் குனியணும்ல. குனிஞ்சா தெரியும்."

"தெரியாட்டி? மறுநாள் கோழிக்கு என்னா போடுவீங்க, ஒங்க வீராப்பையா?"

வேலாயி மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். காரணத்தைச் சொன்னால் மருமகள் சிரிப்பாள். அத்தனை வருஷமும் கணேசமூர்த்தி அவள் எடுத்த செடிகள்மேல் கம்பு வைத்துப் பார்த்திருக்கிறார். பிசகினால் கத்துவார், பிசகாவிட்டால் அடுத்த செடிக்குப் போய்விடுவார். நல்லது என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அப்படிப்பட்டவர் கோழிக்கு வெட்டிய மல்பெரியைத் தேயிலை என்று நம்பிவிட்டார். இது ஒரு பட்டம். ஆபீஸ் வாசலில் போய் நின்று, "ஐயா, இல்லீங்க" என்று அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நிலம் போய்விடுமோ என்ற பயமும் இல்லாமலில்லை. வெள்ளிக்கிழமை பூராவும் மட்டக்கம்போடு செடிகளைச் சுற்றி வந்தாள், பெண் பார்க்க வரும் வீட்டில் பெண்ணுக்குத் தலை வாருவதுபோல.

சனிக்கிழமை கணேசமூர்த்தி இரண்டு ஆட்களோடு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. முதல் வரிசைக்கு வந்த ஆள் மாயாண்டி மண்வெட்டியை ஓங்கினான், குனிந்தான், மெல்லக் கீழே வைத்தான்.

"ஐயா, இது தேயிலன்னா எங்க வீட்டு வாழையும் தேயிலதாங்க."

கணேசமூர்த்தி ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"எனக்கு ரோட்டுல இருந்தே தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுதாங்களா மண்வெட்டி கொண்டாந்தீங்க?" என்றாள் வேலாயி.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"நீங்க என்னா செடின்னு கேக்கலீங்களே. தேயிலன்னுதான சொல்லி அனுப்புனீங்க."

அவர் இறங்கத் திரும்பினார். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. உள்ளங்கை தானாகச் செடியின் மேல்மட்டத்தில் தடவிக்கொண்டு போனது. நின்றார்.

"கம்பு வச்சா எடுத்தது?"

"கம்பு வச்சுதாங்க."

"குடுங்க."

முதல் செடியில் வைத்தார், நடுவில் வைத்தார், கடைசி வரிசைக்குப் போய் வைத்தார். கம்பைத் தாண்டி ஓர் இலை கூட நிற்கவில்லை. அவர் வேலாயியைப் பார்க்கவில்லை. மாயாண்டியைப் பார்த்துத்தான் சொன்னார்:

"ஒம்பதாம் நம்பர் மலையில இப்பிடி ஒரு வரிசையக் காட்டு பாப்போம்."

வேலாயி கோழியை விரட்டும் சாக்கில் திரும்பிக்கொண்டாள். விரட்டிய பக்கம் கோழியே இல்லை என்று லோஜினி பிறகு சொன்னாள்.

"நெலம்?" என்று லோஜினிதான் கேட்டாள்.

"இருக்கட்டும். கோழித் தீனிக்கு யாரு என்னா சொல்லப் போறாங்க."

இவ்வளவோடு அவர் இறங்கிப் போயிருக்கலாம். வேலாயி விடவில்லை. வந்த பயத்தைத் தன்மானம் ஜெயித்த வேகம்.

"ஐயா, ஆளும் மண்வெட்டியும் ஏறி வந்திருச்சு. வெறுங்கையோட எறங்குனா கீழ என்னான்னு கேப்பாங்க. மேல் மலைத் தண்ணி எறங்கி என் வெதயெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போகுது. தண்ணி ஒதுங்கிப் போக மேல்பக்கம் குறுக்கால ஒரு கான் வெட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

கணேசமூர்த்தி யோசித்தார். இறங்கிப் போனால் ரோட்டில் நிற்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தார்.

"வெட்டுங்க," என்றார்.

கான் பாதி தூரம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"மிச்சத்த அடுத்த கெழம வெட்டித் தரச் சொல்றேன்," என்று கணேசமூர்த்தி நடந்துகொண்டே சொன்னார்.

அடுத்த வாரம் போய், அதற்கடுத்த வாரமும் போய்விட்டது. பாதிக் கான் வெட்டப்படாமலே கிடக்கிறது. மழை வந்தால் வேலாயி கான் முடியும் இடத்தில் சாக்கை அண்டக்கொடுத்துத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறாள். கணேசமூர்த்தி ரோட்டில் போகும்போது வண்டியின் வேகத்தைக் குறைத்து மேலே பார்க்கிறார். கையைத் தூக்கி, "அடுத்த கெழம" என்கிறார்.

"ரெண்டு மணி நேர வேல மாமி, நானே வெட்டிர்றேன்," என்றாள் லோஜினி.

"அவரு இன்னொருக்கா மேல வரட்டும்," என்ற வேலாயி மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.