கலங்கிய கசிவு

அந்தச் சிறிய மண் அணையின் காவலரை எல்லோரும் 'கப்பல்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் கொஞ்சம் அகலம்தான், ஆனால் அதற்காக வந்த பெயர் இல்லை. அவருக்கு நீச்சல் தெரியாது என்பதால் கேலிக்கு வைத்தது. சின்ன வயதில் கல்குவாரிக் குட்டையில் விழுந்து, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டதிலிருந்து முழங்கால் தண்ணீரைக் கண்டாலே முகம் வெளுத்துவிடும்.

"தண்ணியைக் கண்டாலே ஓடுற ஆளைப் பிடிச்சு அணைக்குக் காவல் போட்டிருக்காங்க பாரு!" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதால் இந்த வேலைக்கு வந்தார். அணைக்குக் கீழே பள்ளத்தெருவில் வீடு. முன்னறையில் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். பின்னறையில் மாமனார். ஒரு பக்கம் கை கால் விழுந்து, காதும் மந்தமாகி, கட்டிலே உலகம் என்று கிடந்தவர். வாய் மட்டும் குறையவில்லை.

வேலை கடினமானதல்ல. கரை மேல் நடந்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கீழே இறங்கி, கரையின் அடியோரமாக நடந்து கசிவைப் பார்க்க வேண்டும். மண் அணை கசியத்தான் செய்யும். அதை வேலைக்குச் சேர்ந்த அன்றே அணைக்குப் பொறுப்பான என்ஜினியரம்மா சொல்லிவிட்டாள்.

"தெளிவா வந்தா தண்ணி மட்டும் வருதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா, அண்ணே, அணையே கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருதுன்னு அர்த்தம். அப்ப என்னைக் கூப்பிடுங்க. நான் எங்க இருந்தாலும் சரி."

அந்த வார்த்தை அவர் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. தினமும் வடிகால் ஓரம் குனிந்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. நீர்த்தேக்கம் விளிம்பு வரை ஏறி நின்றது. ஒரு வழியாக மழை விட்டு வெயில் வந்தபோது பள்ளத்தெருவே துணி காயப்போட ஓடியது. கப்பலுக்கும் மூச்சு வந்தது. இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் மதியம் கரையடிக்கு இறங்கினார்.

வடிகாலுக்குச் சற்றுத் தள்ளி, புல்லுக்கு நடுவில் ஏதோ கொதித்தது. பானையில் உலை கொதிப்பதுபோல் தண்ணீர் தரையிலிருந்து குமிழ் விட்டு மேலே வந்தது. சுற்றிலும் நைசான மணல் வளையமாகச் சேர்ந்திருந்தது. அவர் டம்ளரை நீட்டினார். மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பால் கலந்த தேநீர் நிறம்.

வெயில் சுள்ளென்று அடித்தது. பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. நிமிர்ந்து கரையைப் பார்த்தார். பச்சைப் புல் போர்த்திக்கொண்டு எப்போதும்போல் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டடி ஓடவும் செய்தார். பிறகு நின்று என்ஜினியரம்மாவுக்குப் போன் போட்டார்.

"கலங்கியா? நல்லாப் பாத்தீங்களா?"

"டம்ளர் கையிலதான் இருக்கு மேடம்."

"நான் வர்றேன். தெருவைக் காலி பண்ணச் சொல்லிடுங்க, நான் சொன்னேன்னே சொல்லுங்க. ஃபயர் சர்வீசுக்கு நான் பேசிக்கறேன்."

அடுத்து மனைவிக்குப் போட்டார். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"அப்பாவைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. தெருவுல ஒரு வீடு விடாம சொல்லு. அணையில தண்ணி கலங்கி வருது."

மெஷின் நின்றது. "இது நீங்க எப்பவும் பயப்படுற பயமா, இல்ல நெஜமான பயமா?"

"நெஜமான பயம்தான்."

அவள் போனை வைத்தாள்.

என்ஜினியரம்மா வழியில் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஆட்களையும் ஜல்லி லாரியையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். கொதிக்கும் ஊற்றைப் பார்த்ததும் அவள் முகத்திலும் ரத்தம் இல்லை. ஆட்களில் ஒருவர் களிமண்ணை வாரிக்கொண்டு ஓடினார்.

"அடைக்காதீங்க! அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும்!" என்று கத்தினாள். "தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது. சுத்தி மூட்டை அடுக்குங்க, நடுவுல மணலும் ஜல்லியும் போடுங்க."

அடுக்க அடுக்க, பக்கத்தில் இன்னொரு ஊற்று கிளம்பியது.

"மதகைத் தொறந்தாகணும். ஆபரேட்டர் எங்கண்ணே?"

"காய்ச்சல்ல படுத்திருக்கார் மேடம்."

மதகின் சக்கரம் நீர்த்தேக்கத்துக்குள் நின்ற கல்கோபுரத்தின் உச்சியில் இருந்தது. கரையிலிருந்து அதற்கு ஒரு ஒடுக்கமான இரும்புப் பாலம். கப்பல் அதுவரை அதில் கால் வைத்ததே இல்லை.

"நான் போறேன்" என்றாள் அவள்.

"உங்களால அந்தச் சக்கரத்தைச் சுத்த முடியாது மேடம். நீங்க இங்க இல்லாட்டி இவங்க களிமண்ணைக் கொட்டிடுவாங்க." தன் வாயிலிருந்தா இந்தப் பேச்சு வருகிறது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

"மெதுவாத் தொறங்கண்ணே. தண்ணி திடுதிப்புனு இறங்கினா கரையோட உள்பக்கம் சரிஞ்சிடும்."

பாலத்தின் தகடுகளுக்கு இடையே தண்ணீர் தெரிந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, குழந்தைபோல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனார். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கோபுரத்தை அடைந்ததும் சக்கரத்தைக் கட்டிக்கொண்டார். துரு பிடித்துக் கிடந்தது. நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு கிறீச் சத்தம், பிறகு அசைந்தது. கீழே தண்ணீர் சுழித்து உள்ளே போகும் சத்தம் கேட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

அங்கிருந்து பள்ளத்தெருவின் கூரைகள் தெரிந்தன. சைரன் ஊளையிட்டது. எறும்புபோல் ஆட்கள் மேட்டுப் பக்கம் போனார்கள். இதில் எது தன் மனைவி? போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டார். எடுக்கவில்லை. அப்பனைத் தனியாகத் தூக்க முடியாமல் கட்டில் பக்கத்திலேயே நிற்கிறாளோ என்ற நினைப்பு வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று பாலத்தில் கால் வைத்தார்.

அப்போதுதான் கரை மேல், பாலம் வந்து சேரும் இடத்துக்கு அருகில், மண் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. ஒரு கிணறுபோல் பள்ளம்.

"எல்லாரும் மேல ஏறுங்க! விட்டுட்டு வாங்க!" என்று கரையின் மறுமுனையில் ஏறி நின்ற என்ஜினியரம்மா கீழே பார்த்து அலறினாள். பிறகு இவர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் ஆட்டினாள். "அண்ணே, வராதீங்க! அங்கயே இருங்க!"

அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். பள்ளம் வாயைத் திறந்தது. கரையின் ஒரு பகுதி அப்படியே குந்தி உட்கார்ந்தது. பாலத்தின் கரைப்பக்கத்து முனை முறுக்கிக்கொண்டு விழ, தண்ணீர் அந்த வழியே பாய்ந்தது. கோபுரம் அதிர்ந்தது. அவர் சக்கரத்தை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மூடியபிறகுதான் இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்டது. மறுபடி திறந்தபோது பள்ளத்தெருவின் முதல் வரிசை வீடுகள் இல்லை. பழுப்பு நிறத் தண்ணீரும், அதில் மிதக்கும் கட்டில்களும்தான் தெரிந்தன.

அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். குரல் வெளியே வந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

நீர்த்தேக்கம் வடிய வெகுநேரம் பிடித்தது. தண்ணீர் இறங்க இறங்க, கோபுரம் சேற்றுக்கு மேலே தனியாக நின்றது. கீழே மீன்கள் துள்ளின. ஃபயர் சர்வீஸ்காரர்கள் பலகைகளைப் போட்டு, ஏணி சாத்தி வந்து கூப்பிட்டபோது அவர் இறங்க மறுத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பள்ளத்தெரு ஆளுங்க?"

"எல்லாரும் மேல போயிட்டாங்கன்னு சொல்றாங்க. எண்ணிக்கிட்டிருக்காங்க."

'சொல்றாங்க' என்ற அந்தச் சொல்லை அவரால் நம்ப முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரைச் சக்கரத்திலிருந்து எடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் மாமனார் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தார். "மாப்பிள்ளை! நம்ம தெரு பேக்கரிக்காரன் என்னை மாவு மூட்டை மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு வந்தான்யா. இன்னும் இடுப்பு வலிக்குது" என்று புகார் சொன்னார். பக்கத்தில் பேக்கரிக்காரர் தன் தோளைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"அவ எங்க மாமா?"

மாமனாருக்குக் காது கேட்கவில்லை. கப்பல் அறை அறையாக ஓடினார். கடைசி அறையில் அவள், எந்த வீட்டுக் குழந்தையோ, ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். இவரைக் கண்டதும் முகம் கோணியது.

"போனை மெஷின் மேலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். "நீங்க கரைமேல நின்னீங்கன்னு சொன்னாங்க. கரையே போயிடுச்சுன்னும் சொன்னாங்க." குழந்தையை இறக்காமலே அவர் மேல் சாய்ந்தாள்.

உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின. மெஷினை நாலு தெரு தள்ளி, சேற்றில் தலைகீழாகக் கண்டெடுத்தார்கள்.

விசாரணையில் காரணம் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் கரையில் நின்ற பெரிய மரத்தை வெட்டியிருந்தார்கள், வேரை எடுக்கவில்லை. வேர் உள்ளேயே மக்கிக் குழாயாகிவிட்டது. அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வெளியே புல் பச்சையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு கப்பலுக்கு நல்ல தூக்கம் என்பது இல்லாமல் போயிற்று. மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். பக்கத்து வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். துறையில் அவருக்கு ஆபீஸ் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டு கொஞ்ச நாள் போனார். மழை பெய்த ஒரு நாள், ஜன்னலருகே நின்று, மற்ற அணைகளின் அடியில் இப்போது யார் குனிந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுத் தட்டை டமாரென்று வைத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "போங்க. இங்க உக்காந்து நடுங்குறதுக்கு அங்கயே போய் நடுங்குங்க" என்றாள்.

வேறொரு மண் அணைக்குப் போட்டார்கள். முதல் நாள் அங்கிருந்த பழைய காவலர் சாவிக்கொத்தைக் கொடுத்து, அறையையும் விளக்கையும் காட்ட முன்னால் நடந்தார். கப்பல் நகரவில்லை. கரையின் நீளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறையை அப்புறம் பாக்கலாம்ணே" என்றார். "இந்தக் கரையில எங்கெங்க மரம் வெட்டினாங்க? அதை முதல்ல காட்டுங்க."