மோட்டார் கொட்டகைப் பாம்பு

மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கும் பெண்களில் ஆராயியின் வாய்க்குப் பயப்படாதவள் கிடையாது. கூடை சரிந்தாலும் கத்துவாள், சரியாவிட்டாலும் கத்துவாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் ஒரு டிவி, டிவியை விடச் சத்தமாகப் பேசும் கணவன் தட்சணாமூர்த்தி, ஸ்பீக்கரில் போட்டுத்தான் போன் பேசுவேன் என்று சபதம் எடுத்த மாமியார். அங்கே ஒரு யோசனையைத் தொடங்கினால் முடிக்க முடியாது. நடுவில் யாராவது தண்ணீர் கேட்பார்கள்.

இந்த வருஷம்தான் அவள் கண்ணில் ஓர் இடம் பட்டது. ஓடாத மோட்டார் கொட்டகையின் சுவருக்கும் கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரத்துக்கும் நடுவே ஒரு சந்து. மேலே நாலு கீற்றைச் சாய்த்தாள். கீழே சாக்கை விரித்தாள். சோற்றுக்குப் பிறகு அங்கே காலை நீட்டி உட்கார்ந்தால் கடற்காற்று வரும், மனசு தெளியும். மகள் இலக்கியா நர்சிங் படிக்கக் கேட்டபோது வீட்டில் முடியாது என்று கத்தியவள், சந்தில் உட்கார்ந்ததும் ஏன் முடியாது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டாள். வீடே பயந்துபோனது.

நிம்மதியாக விடுவார்களா? கூட வேலை செய்யும் சின்னப்பாப்பா அவளைத் தேட ஆரம்பித்தாள். சின்னப்பாப்பா வந்தால் ஊர்க்கதை மொத்தமும் கூடவே வரும். ஆராயி அவசரத்தில் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் போவாதீங்கடி. கீத்துக்குள்ள நல்ல பாம்பு இருக்குது."

எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு. நம் பெண்கள் பாம்பு என்றால் ஓடுவார்கள். நல்ல பாம்பு என்றால் பால் வாங்கப் போவார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் சந்து வாசலில் மஞ்சள், குங்குமம், கிண்ணத்தில் பால், முட்டை. உள்ளே சாக்கு ஏன் கிடக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மேஸ்திரி குழந்தைசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

ஆராயிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் இடத்துக்கே வரிசையில் நிற்க வேண்டிய நிலைமை. பொய் என்று ஒப்புக்கொண்டால் சாமிக்குத்தம் என்று திட்டுவார்கள். சொல்லாவிட்டால் இடம் போனது போனதுதான். என்ன செய்வது என்று யோசிக்கலாமென்றால், யோசிக்கிற இடத்தில்தான் கூட்டம்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். கற்பூரம் அணைந்த பிறகும் சீக்கிரம் வெளியே வரவில்லை. சின்னப்பாப்பா போனவள், ஊதுபத்தி எரிந்து தீர்ந்த பிறகுதான் வந்தாள். ஆராயி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"இன்னாடி, பாம்பப் பாத்துட்டியா?"

சின்னப்பாப்பா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் காதருகே வந்தாள்.

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ சொன்ன அன்னிக்கே கீத்தத் தூக்கிப் பாத்துட்டேன்க்கா."

"அப்புறம் எதுக்குடி பால் ஊத்துற?"

"என் வூட்டுல கக்கூசுக்குப் போனாகூட கதவத் தட்டுறாங்கக்கா. சாமி கும்புடுறப்ப மட்டுந்தான் ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லிடாத."

வரிசையில் அடுத்தது ஆராயிதான். அவள் ஒதுங்கிக்கொண்டு, பின்னால் நின்றவளை முன்னே விட்டாள்.

"மெதுவாவே வா," என்றாள்.